வாங்கிய விளையாட்டுக்குப் பணம் திரும்புமா? திருகோணமலையிலிருந்து பார்த்தால்

உவர்மலையில் எங்கள் வீட்டு இணையம் 4ஜி ரவுட்டரில் வருகிறது. மாதப் பொதியில் பகலுக்கு ஒரு பங்கும் நள்ளிரவுக்குப் பின் ஒரு பங்கும் என டேட்டாவைப் பிரித்துத் தருவதால், 50 ஜிபி அளவுள்ள விளையாட்டொன்றை இறக்குவதற்கு மூன்று இரவுகளாவது கணினியை அணைக்காமல் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. இணையக் கடைகளின் ரீஃபண்ட் விதிகளை நான் இந்த நிலையிலிருந்துதான் எடைபோடுகிறேன். எத்தனை நாள் அவகாசம் என்பதைவிட, அந்த அவகாசம் எந்தக் கணத்திலிருந்து எண்ணப்படுகிறது, எதைச் செய்தால் உரிமை பறிபோகிறது என்பவையே நமக்கு முக்கியம்.

கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் 2015 ஜூன் மாதத்தில் இன்றைய விதியை அறிவித்தது. வாங்கி 14 நாட்களுக்குள், விளையாடிய நேரம் 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக இருந்தால், எந்தக் காரணத்துக்காகவும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பதிவிறக்கிய நேரம் இந்த 2 மணித்தியாலத்தில் சேராது என்பது நம் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் விளையாட்டு திறந்திருக்கும் நேரம் முழுவதும் விளையாடிய நேரமாகவே பதிவாகிறது. திரையில் எதுவும் நடக்காவிட்டாலும் அப்படித்தான்.

இதைச் சென்ற மாதம் கண்முன்னே பார்த்தேன். பாடசாலை விடுமுறைக்கு வந்திருந்த தங்கையின் மகனுக்காக 20 டொலருக்கு ஒரு விளையாட்டை வாங்கி, மூன்று இரவுகளில் இறக்கி முடித்தேன். முதன்முறை திறந்தபோது ஷேடர்களை (காட்சிகளை வரையும் சிறு நிரல்களை) தயாரிப்பதாகச் சொல்லும் ஒரு கோடு திரையின் அடியில் எறும்பூர்வது போல நகர்ந்தது. ஆறு வருடப் பழைய மடிக்கணினியின் விசிறி இரைந்துகொண்டேயிருந்தது. "மாமா, இது இன்னும் எவ்வளவு நேரம் இப்பிடியே நிக்கும்?" என்று அவன் இரண்டு முறை கேட்டுவிட்டான். நாற்பது நிமிடம் கழித்துத் தொடங்கிய விளையாட்டு, பாத்திரம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் உறைந்து நின்றது. அமைப்புகளை எல்லாம் குறைத்துப் பார்த்தும் பயனில்லை. பதிவான நேரத்தைப் பார்த்தேன்: 1 மணித்தியாலம் 25 நிமிடம். இன்னும் முப்பத்தைந்து நிமிடம் முயன்றிருந்தால் கேட்கும் உரிமையே கைநழுவியிருக்கும்.

உதவிப் பக்கத்தில் வாங்கியவற்றின் பட்டியலைத் திறந்து, எதிர்பார்த்தபடி இயங்கவில்லை என்ற காரணத்தைத் தெரிவுசெய்து, இரண்டு வரி எழுதி அனுப்பினேன். யாருடனும் வாதாட வேண்டியிருக்கவில்லை. மறுநாள் ஒப்புதல் மின்னஞ்சல் வந்தது. ஒரு வாரத்துக்குள் அட்டைக்கே பணம் திரும்பியது. இந்த எளிமைக்காகவே ஸ்டீமை மனதாரப் பாராட்டுகிறேன். குறை வேறோரிடத்தில் நேர்ந்தது. ஸ்டீம் நமக்கு டொலரில் விற்கிறது. வங்கியோ டொலரை விற்கும் வீதத்தில் கழித்து, வாங்கும் வீதத்தில் வரவு வைத்தது. அதனால் கணக்குக்கு வந்த தொகை சில நூறு ரூபா குறைந்திருந்தது. அதே கடையில் மீண்டும் வாங்கும் எண்ணம் இருந்தால், பணத்தை ஸ்டீம் வாலட்டில், அதாவது அந்தக் கடையிலேயே உள்ள நம் கணக்கில், பெறுவதே மேல். அங்கே டொலர் டொலராகவே நிற்கும்.

முன்கூட்டியே பதிவுசெய்து வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளியாகும் நாளுக்கு முன்னரே விளையாட அனுமதிக்கும் விலை கூடிய பதிப்புகளில், அந்த முன்னோட்ட நேரமும் 2 மணித்தியாலக் கணக்கில் சேரும் என்று 2024 ஏப்ரலில் விதி மாற்றப்பட்டது.

எபிக் கடையின் விதியும் ஏறத்தாழ இதே 14 நாள், 2 மணித்தியாலம்தான். பிளேஸ்டேஷன் கடையின் விதியே எனக்கு மிகவும் நெருடுகிறது. அங்கும் 14 நாள் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டால், விளையாட்டில் பழுது இருந்தாலன்றி, அந்த உரிமை போய்விடுகிறது. திறந்து பார்க்காமல் ஒரு விளையாட்டு பிடிக்குமா என்று எவரால் சொல்ல முடியும்? 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 பழைய கன்சோல்களில் தடுமாறியபோது, பிளேஸ்டேஷனின் உரிமையாளரான சோனி அதைக் கடையிலிருந்தே எடுத்து, கேட்டவர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. அவ்வளவு பெரிய கூக்குரல் எழுந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது என்பதை மறக்கக் கூடாது. நின்டெண்டோவின் கடையில் பொதுவாக விற்றது விற்றதுதான்.

விதியளவில் சிறந்தது ஜிஓஜி என்ற கடை. 2020 பெப்ரவரி முதல், இறக்கி, திறந்து, விளையாடியிருந்தாலும், வாங்கி 30 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்க அவர்கள் இடம் கொடுக்கிறார்கள். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டில்லாத கோப்புகளை விற்கும் கடை இப்படி வாக்களிப்பது வாங்குபவரை நம்பும் செயல். அந்த நம்பிக்கையைக் கெடுக்க வேண்டாம் என்றும் அவர்களே கேட்டுக்கொள்கிறார்கள். புதிய பெரிய வெளியீடுகள் எல்லாம் அங்கே கிடைப்பதில்லை என்பதுதான் ஒரே குறை.

இந்த விதிகளில் சில தாமாக முளைத்தவை அல்ல. அவுஸ்திரேலியாவில் 2014 இல் நுகர்வோர் ஆணைக்குழு ஸ்டீமின் உரிமையாளரான வால்வ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. பணம் திருப்பிக் கேட்கும் உரிமை பற்றி வாங்குபவர்களைத் தவறாக வழிநடத்தியதாக நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2016 இல் 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. நம் நாட்டிலும் 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் 20 டொலருக்காகக் கடல் கடந்த கடையொன்றோடு வழக்காட இங்கிருந்து யார் புறப்படுவார்கள்? ஆகவே கடை தானே எழுதிவைத்திருக்கும் விதியை, பணம் கட்டுவதற்கு முன் வரிவரியாக வாசிப்பதைத் தவிர நமக்கு வேறு பாதுகாப்பில்லை. இறக்குவதற்குச் செலவான மூன்று இரவு டேட்டாவை எந்தக் கடையும் திருப்பித் தராது என்பதால், இப்போது நான் முதலில் பார்ப்பது விளையாட்டின் அளவையும் குறைந்தபட்சக் கணினித் தேவையையும்தான்.

மருமகனுக்கு இம்முறை ஜிஓஜியில் 6 ஜிபி அளவுள்ள பழைய விளையாட்டொன்றை வாங்கிக் கொடுத்தேன். ஒரே இரவில் இறங்கியது. அதே மடிக்கணினியில் தடங்கலின்றி ஓடுகிறது. பணத்தைத் திரும்பக் கேட்க இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அவன் கேட்க விடமாட்டான்.