வாக்கிய அட்டைத் தொகுப்பு: தொடர் கட்ட அருமை, காற்புள்ளியில் கோட்டை விட்டிருக்கிறார்கள்

மூன்று மாதமாக என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு இந்த அட்டைகளைப் பயன்படுத்துகிறேன். ஒரு முதன்மைத் தொடரோடு துணைத் தொடர்கள் சேர்ந்து வரும் கலவை வாக்கியத்துக்கென்றே வந்த தொகுப்பு. முதன்மைத் தொடர் நீலம், துணைத் தொடர் மஞ்சள், நிறுத்தக்குறிகளுக்குச் சின்ன வெள்ளை அட்டைகள், கூடவே ஆசிரியர் கையேடு.

வாக்கியம் கட்ட இதைவிட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை. "மணி அடித்தது", "மாணவர்கள் ஓடினார்கள்" இரண்டையும் சேர்க்கச் சொன்னால் பாதி வகுப்பு "மணி அடித்து மாணவர்கள் ஓடினார்கள்" என்று எழுதும். அப்படி எழுதினால் மணியை அடித்ததே மாணவர்கள் என்றாகிவிடும். 'அடித்து', 'ஓடி' போன்ற 'செய்து' வாய்பாட்டு எச்சமும் (வேறொரு வினையைக் கொண்டு முடியும் முடிவுபெறாத வினை, அதாவது வினையெச்சம்) அது கொண்டு முடியும் வினையும் ஒரே எழுவாய்க்கு உரியவையாக இருக்க வேண்டும், தொல்காப்பியத்திலேயே இருக்கிற விதி, கரும்பலகையில் எத்தனை முறை எழுதிப் போட்டும் ஏறவில்லை. இங்கே ஒவ்வோர் அட்டையின் ஓரத்திலும் எழுவாயை வட்டமிட்டு அச்சடித்திருக்கிறார்கள். இரண்டு வட்டமும் ஒத்துப்போகாவிட்டால் 'அடித்து' அட்டையை எடுத்துவிட்டு 'அடித்ததும்' அட்டையைத் தேட வேண்டும் என்பதை ஒரு சிறுமி தானே கண்டுபிடித்துப் பக்கத்தில் இருந்தவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நிறுத்தக்குறிப் பகுதிதான் மோசம். வினையெச்சம் வந்தாலே காற்புள்ளி போடு என்கிறது கையேடு. எச்சங்கள் அடுக்கி வரும்போது சரி, எல்லா இடத்திலும் எப்படிப் போடுவது? "அவன் ஓடி வந்த சிறுவனைப் பிடித்தான்" என்றால் ஓடி வந்தது சிறுவன். "அவன் ஓடி, வந்த சிறுவனைப் பிடித்தான்" என்றால் ஓடியது அவன். ஒரே ஒரு புள்ளி ஆளையே மாற்றிவிடுகிறது, இதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரி கிடையாது. போதாததற்கு ஓர் அட்டையில் "நேற்று வாங்கிய, புத்தகம்" என்றே அச்சாகியிருக்கிறது. 'வாங்கிய' என்ற பெயரெச்சத்துக்கும் அது தழுவும் 'புத்தகம்' என்ற பெயருக்கும் நடுவில் காற்புள்ளி! அந்த அட்டையைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன்.

அப்புறம் 'என்று' வரும் வாக்கியங்கள். "நாளை மழை வரும் என்று அம்மா சொன்னார்" என்பதில் 'வரும்' வாக்கியத்தை முடிக்கக்கூடிய வினைமுற்று என்பதால் பிள்ளைகள் அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். இதற்கு நிறையப் பயிற்சி வேண்டும், தொகுப்பில் நான்கே அட்டைகள்தான்.

நீலமும் மஞ்சளும் போதும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். வெள்ளை அட்டைகளை நான் இப்போது கடைசியில்தான் கொடுக்கிறேன், வாக்கியத்தை வாய்விட்டுப் படித்து, புள்ளி வைத்தால் பொருள் மாறுகிறதா என்று பிள்ளைகள் சொன்ன பிறகு.