38,500 ரூபாய்க்கு ஒரு 'ஜப்பான்' ஆம்ப்ளிஃபயர்: குமரி மாவட்டத்துக்காரர்கள் கவனிக்கவும்

ஆத்திரம் அடங்காமல்தான் இதை எழுதுகிறேன். 38,500 ரூபாய் போய்விட்டது. சீட்டு கட்டி எடுத்த பணம். அப்பா பாட்டுக் கேட்க ஒரு நல்ல ஸ்டீரியோ செட் வாங்கப் போய், இப்போது வீட்டுக் கூடத்தில் உதவாத மூன்று பெட்டிகள் கிடக்கின்றன. கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறோம், அதுவரை பெயர் வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். வகையை மட்டும் சொல்கிறேன்: வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிள் எல்லாம் அடுக்கி வைத்து விற்கிற கடை. நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கம். குறைந்த பணத்தில் செட் வாங்க நினைக்கிறவர்கள் முழுவதும் படியுங்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இருட்டோடு எழுந்து தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவார், கூடவே ஒரு சின்ன ரேடியோவும் போகும். இப்போது மூட்டுவலி, வீட்டோடு இருக்கிறார். கேசட் போட்டுக் கேட்ட பழைய டேப் ரிக்கார்டரும் போய்விட்டது. செல்போனில் பாட்டுப் போட்டுக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிடுவார். "வயலின்ல வில்லு திரும்புற சத்தம் இதுல இல்ல மக்களே" என்பார். அவருக்குக் காது அவ்வளவு கூர்மை.

எங்கள் பட்ஜெட் 40,000 ரூபாய். பெரிய ஷோரூம்களில் அந்தப் பணத்துக்குக் காட்டியதெல்லாம் டிவிக்கு அடியில் வைக்கிற சவுண்ட்பார், இல்லையென்றால் வீடே அதிரும் ஹோம் தியேட்டர். அப்பாவுக்கு வேண்டியது இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், தெளிவான சத்தம். 1970களிலும் 80களிலும் ஜப்பானில் செய்த ஆம்ப்ளிஃபயர்கள் இன்றைக்கும் நன்றாக ஓடும் என்று தம்பியுடைய நண்பர்கள் சொன்னார்கள். அதில் பொய் இல்லை, ஒழுங்காக வைத்திருந்தால் ஓடும். அப்படித்தான் அந்தக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் நடந்துகொண்ட விதத்தை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றியது அங்கேதான். விலையைப் பற்றிப் பேசவே இல்லை. அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தார், கட்டஞ்சாயா வாங்கி வரச் சொன்னார், ஃபேனை நிறுத்தினார், ரோட்டுச் சத்தம் வராமல் ஷட்டரைப் பாதி இறக்கினார். "அண்ணாச்சி, கொஞ்சம் பொறகால தள்ளி இருங்க. ரெண்டு பெட்டியும் நீங்களும் ஒரு முக்கோணமா வரணும். அப்பத்தான் பாடுறவ நடுவுல நிப்பா" என்றார். அப்பா கேட்ட பாட்டையே போட்டார். பாடுகிறவர் உண்மையிலேயே இரண்டு பெட்டிக்கும் நடுவில் நின்று பாடுவது போல இருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவர் எங்களுக்குப் பாடம் எடுத்தார். "மக்களே, ஊருல ஏமாத்துறவனுவ கூடிப்போச்சு. பி.எம்.பி.ஓ. அஞ்சாயிரம் வாட்ஸ்னு அட்டையில எழுதியிருப்பான், அதெல்லாம் கணக்கே இல்ல. ஆர்.எம்.எஸ். என்னன்னு மட்டும் கேளு. இது சேனலுக்கு நூறு வாட்ஸ் ஆர்.எம்.எஸ்., எட்டு ஓம்ஸ்ல" என்றார். பி.எம்.பி.ஓ. என்பதற்கு எந்த அளவுகோலும் கிடையாது, ஆர்.எம்.எஸ். என்று சொல்வதுதான் தொடர்ந்து தரக்கூடிய சக்தி, ஓம்ஸ் என்பது ஸ்பீக்கரின் மின்தடை. அதுவும் உண்மைதான். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம் ஊரில் 230 வோல்ட், அப்படியே சொருகினால் எரிந்துவிடும் என்றும் அவரே சொன்னார். அதுவும் உண்மை. "நான் உள்ளயே நம்ம வோல்டேஜுக்கு மாத்தித் தாறேன். பேடிக்காண்டாம், அண்ணாச்சி வீட்டுக்கு நான் பொறுப்பு" என்றார்.

மற்றவர்கள் எப்படி ஏமாற்றுவார்கள் என்று உண்மையைச் சொல்லியே எங்களை நம்ப வைத்தார். இப்போது நினைத்தாலும் உடம்பு கொதிக்கிறது.

10,000 ரூபாய் அட்வான்ஸ் செல்போனிலேயே அனுப்பினேன். "சர்வீஸ் பண்ணி, வோல்டேஜ் மாத்தி, வீட்டுக்கே அனுப்புதேன்" என்றார். சொன்ன நாளைத் தாண்டித்தான் லோடு ஆட்டோ வந்தது. மீதி 28,500 ரூபாயை டிரைவரிடமே ரொக்கமாகக் கொடுக்கச் சொல்லிப் போன் வந்தது. பில் கேட்டேன். "அது பின்னால வரும் மக்களே" என்றார். வந்தது ஒரு எஸ்டிமேட் சீட்டு. 'ஆடியோ செட் 1, ரூ. 38,500'. கீழே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருந்தது. கம்பெனி பெயர், மாடல், சீரியல் நம்பர் எதுவும் இல்லை.

கடையில் அந்த ஆம்ப்ளிஃபயரைத் தூக்க இரண்டு பேர் சேர்ந்தார்கள். வீட்டில் அப்பா ஒற்றைக் கையால் எடுத்து மேஜையில் வைத்தார். பார்க்க அதே முகப்பு, அதே குமிழ்கள், அதே ஊசி மீட்டர்.

போட்டவுடனே ஒரு இரைச்சல். பாட்டு நின்றாலும் 'ம்ம்ம்' என்று நிற்காமல் கேட்கும். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் குரல் கிழிந்தது. பின்பக்கம் கை வைக்க முடியாத சூடு. சில நாளில் இடது பக்கம் நின்றுபோனது. வலது பக்கம் மட்டும் கரகரவென்று பாடிக்கொண்டிருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நான் வருத்தப்படுவேன் என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

கடைக்குப் போன் செய்தேன். "இருவது வருசமா கெடந்த சாமான், ஓடி ஓடித்தான் செரியாவும்" என்றார். அடுத்த முறை, உங்கள் வீட்டில் எர்த் சரியில்லை என்றார். எலக்ட்ரீசியனை வரவழைத்துப் பார்த்தோம், எர்த் ஒழுங்காக இருந்தது. அப்புறம், கடல் காற்றில் உள்ளே களிம்பு பிடித்திருக்கும் என்றார். எங்கள் வீட்டிலிருந்து மலைதான் பக்கம், கடல் எங்கேயோ இருக்கிறது. அப்புறம் இடி விழுந்திருக்கும் என்றார். அந்த வாரம் மழையே இல்லை. டெக்னீஷியன் கல்யாணத்துக்குப் போயிருக்கிறான், அவன் வந்ததும் ஆளை விடுகிறேன் என்றார். ஆள் வரவில்லை. பிறகு என் நம்பரைப் பார்த்தால் எடுப்பதில்லை. தம்பி வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் உடனே எடுத்து, "சொல்லுங்க சார், என்ன செட் வேணும்?" என்கிறார்.

தக்கலைப் பக்கம் ரேடியோ, டேப் எல்லாம் ரிப்பேர் பார்க்கிற ஒரு அண்ணன் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனோம். பின்பக்கம் பார்த்தவுடனே, "லேபிள்ல 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு. இது ஜப்பான் டப்பாதான். உள்ள என்ன இருக்குன்னு பாப்போம்" என்று மூடியைக் கழற்றினார்.

உள்ளே ஜப்பான் எதுவும் இல்லை. பழைய போர்டு, பெரிய டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, நம் ஊரில் அசெம்பிள் செய்கிற ஒரு சின்ன ஐ.சி. போர்டைத் திருகி வைத்திருக்கிறார்கள். கூட ஒரு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் (நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 12 வோல்ட் தருவது), 5 ஆம்பியர். அண்ணன் அங்கேயே ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். 12 வோல்ட் ஏ.சி.யை டி.சி. ஆக்கினால் ஒரு பக்கத்துக்கு 17 வோல்ட் சுமார். போர்டில் போகிற நஷ்டம் போக 15 வோல்ட் கிடைத்தால் அதிகம். எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கரில் அது 14 வாட்ஸ். நூறு வாட்ஸ் வேண்டுமென்றால் உச்சத்தில் 40 வோல்ட் வேண்டும், இந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து அது வரவே வராது. கடைக்காரர் சொன்ன அதே ஆர்.எம்.எஸ்., அதே எட்டு ஓம்ஸ். அந்தக் கணக்கே அவருடைய பொய்யைக் காட்டிவிட்டது.

ஸ்பீக்கர் இன்னும் மோசம். ஆளுயரத்தில் பாதி இருக்கும் டவர், முன்னால் மூன்று வட்டம். நடுவில் இருந்ததன் திருகைக் கழற்றினால் பின்னால் ஒயரும் இல்லை, காந்தமும் இல்லை. வெறும் கூம்பு. பார்வைக்காக ஒட்டியது. மேல் ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு ஒரே ஒரு கெபாசிட்டர். அதைத் தவிர, கீழ் ஸ்தாயியையும் மேல் ஸ்தாயியையும் ஒழுங்காகப் பிரித்து அனுப்பும் முழு கிராஸ்ஓவர் இல்லை. கீழ் ஸ்தாயிக்கான பெரிய ஸ்பீக்கரான வூஃபரின் ஓரத்தில் இருக்கும் ஃபோம் விரல் பட்டதும் பொடிந்து உதிர்ந்தது. நம் ஊர் ஈரக் காற்றுக்கு ஃபோம் ஓரம் தாங்காது, ரப்பர் ஓரமாக இருக்க வேண்டும் என்றார் அண்ணன். பெட்டி பார்ட்டிக்கிள் போர்டு. அடிப்பக்கம் ஏற்கெனவே தண்ணீர் குடித்து வீங்கியிருந்தது, அதன் மேல் மரக் கலர் ஸ்டிக்கர்.

அப்படியென்றால் கடையில் நாங்கள் கேட்டது எதை? ஷோகேஸுக்குப் பின்னால் ஒரு சப்வூஃபர் (அடிச் சத்தத்துக்கான தனிப் பெட்டி) லைட் எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன் என்று தம்பி இப்போது சொல்கிறான். இரண்டு பேர் தூக்கிய அந்த ஆம்ப்ளிஃபயர் இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கும், அடுத்து வருகிறவருக்குக் காட்ட.

தம்பியும் நானும் போட்டோக்களோடு நேரில் போனோம். இந்த முறை சாயா இல்லை, 'மக்களே' என்ற பேச்சும் இல்லை. "மேடம், பழைய சாமானுக்குக் கேரண்டி கெடையாதுன்னு சொல்லித்தான் தந்தேன். நீங்க வெளிய குடுத்துப் பிரிச்சாச்சு. அவன் என்னத்த மாத்தினானோ, எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். 38,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டோம். "சீட்டுல என்ன எழுதியிருக்கு, படிச்சுப் பாருங்க" என்றார். பணியாள் சிரித்தான். வேறு ஒரு குடும்பம் உள்ளே வந்தது. எங்களை விட்டுவிட்டு அவர்களுக்கு நாற்காலி போடப் போய்விட்டார்.

அந்தச் சீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள் கொண்டுபோனால் எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும். 'திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் முதலில் பதிவு செய்திருக்கிறேன். நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்க வக்கீல் கட்டாயம் இல்லை. கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. நடந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதுகிறேன் என்று மேலே சொன்னேன். இப்போது அதற்கு மனசு ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். நூறு வாட்ஸ் என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். 12க்கு 12 அடி அறைக்கு உண்மையான 20, 30 வாட்ஸ் தாராளம், சத்தம் வெறும் 3 டெசிபல் கூடுவதற்கே இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும். பணத்தில் பெரிய பங்கை ஸ்பீக்கருக்குக் கொடுங்கள், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் (அலமாரியில் வைக்கிற சின்ன ஸ்பீக்கர்) புதிதாக, பில்லோடு, வாரண்டியோடு கிடைத்தால் அதையே வாங்குங்கள். பழையது என்றால் கடையிலேயே மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். கேட்ட அதே பெட்டியை அப்போதே வண்டியில் ஏற்றுங்கள், பின்னால் அனுப்புகிறேன் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சீரியல் நம்பர் பில்லில் வர வேண்டும். டிரைவர் கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள்.

38,500 ரூபாயில் அட்வான்ஸ் 10,000க்கு மட்டும்தான் என்னிடம் பேங்க் ஆதாரம் இருக்கிறது. மீதி 28,500க்கு அந்த எஸ்டிமேட் சீட்டும், டிரைவரிடம் கொடுக்கச் சொல்லி வந்த போனின் ரெக்கார்டிங்கும். திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன், தக்கலை அண்ணன் எழுதிக் கொடுத்த தாளையும் போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு நாகர்கோவில் போகிறேன். குமரி மாவட்டத்தில் இதே மாதிரிக் கடையில், இதே மாதிரி மாடல் நம்பர் இல்லாத சீட்டோடு செட் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே லோக்கல் போர்டு இருந்தால் போட்டோ எடுத்து வைத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம்.