சோஷல் மீடியா பக்கேஜ்: கதைக்க நல்லது, தேர்தல் பார்க்க உதவாது

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கொப்பி, பிஸ்கட், சோடாவோடு போனுக்கு றீலோட்டும் போடுவேன். போடுகிறதில் பெரும்பங்கு இந்த 'சோஷல் மீடியா பக்கேஜ்'தான். பேஸ்புக், வட்ஸ்அப், யூரியூப் மூன்றும் மாதம் முழுக்க ஓடும், காசும் சாதாரண டேற்றா காட்டை விடக் குறைவு. எங்கள் வீட்டு மூன்று போனிலும் இதுதான். விற்கிறவளே விமர்சனம் எழுதலாமா என்று கேட்பீர்கள். எந்தக் காட்டைப் போட்டாலும் எனக்குக் கொமிஷன் ஒன்றுதான், அதனால் எழுதலாம்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சுவிசில் இருக்கும் அண்ணா அனுப்பும் வொய்ஸ், படம், வீடியோ எல்லாம் தங்குதடையில்லாமல் வரும். மகள் விஞ்ஞானப் பாடம் முழுவதையும் யூரியூப்பில்தான் பார்க்கிறாள். மழை இருட்டினால் சிக்னல் போகும், அது பக்கேஜின் குற்றமில்லை. வட்ஸ்அப் கோல் இதற்குள் அடங்குமா என்பதை மட்டும் வாங்கமுன் கேளுங்கள். கொம்பனிக்குக் கொம்பனி வேறு, நிபந்தனையில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டிருப்பார்கள்.

என் முறைப்பாடு வேறு. பேஸ்புக்கில் ஒரு செய்தி வந்தால் தலைப்பும் படமும் தெரியும். அதை அமத்தினால் பேஸ்புக்கை விட்டு வெளியே போகவேண்டும், அங்கே இந்த பக்கேஜ் செல்லாது. ஒன்றில் சுற்றிக்கொண்டே நிற்கும், இல்லாவிட்டால் போனில் இருக்கிற மிச்சக் காசைத் தின்னும். ஆகவே சனம் தலைப்பை வாசிக்கும், கீழே கொமென்ற்றை வாசிக்கும், அதோடு முடிவெடுக்கும். செய்திக்குக் காசு, கொமென்ற் சும்மா.

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலை எங்கள் வீடு இந்த பக்கேஜிலேயே பார்த்தது. என் போனில் வெளிநாட்டுச் சொந்தங்களின் குறூப்புகள்தான் அதிகம், அங்கே முழுக்கச் சங்குச் சின்னம். அந்தச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரன் வடக்கு கிழக்கை அள்ளப்போகிறார் என்று அடித்துச் சொன்னார்கள். மகன்ர போனைத் திறந்தால் இன்னொரு வேட்பாளர் அநுர பேசுகிற சின்னச் சின்ன வீடியோக்கள், ஒன்று முடிய அதேமாதிரி இன்னொன்று. என்ர வீட்டுக்காரருடைய கமக்காரர் குறூப்பில் தமிழரசுக் கட்சி சஜித்துக்கு ஆதரவு என்று அறிவித்த நாளில் இருந்து சஜித்தின் டெலிபோன் சின்னம். ஒரு கூரைக்குக் கீழ் மூன்று ஜனாதிபதிகள்!

நாங்கள் வோட்டுப் போடுகிற வன்னித் தேர்தல் மாவட்ட முடிவு இதுதான்: சஜித்துக்கு 95 ஆயிரத்துக்கு மேல், அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணிலுக்கு 52 ஆயிரம், அரியநேத்திரனுக்கு 36 ஆயிரம், அநுரவுக்கு 21 ஆயிரம். இரண்டாம் இடத்தைப் பாருங்கள். எங்கள் மூன்று போனிலும் ரணிலுக்காக ஒருவரும் வாய் திறந்ததை நான் காணவில்லை. அவருக்குப் போட்டவர்கள் பேஸ்புக்கில் கொடி பிடிக்கிற ஆட்கள் இல்லைப் போலும். ஆனால் அவர்களும் இந்த வன்னிச் சனம்தானே, இதே ரோட்டால்தானே போய்வந்திருப்பார்கள். நாட்டில் அநுர முதல் எண்ணிக்கையில் 42 வீதம் எடுத்து, பாதியைத் தாண்டாததால் இலங்கையில் முதல்தடவையாக இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்கும் எண்ணி வென்றார். மகன் துள்ளினான். வீட்டுக்காரர் இரண்டு நாள் குறூப்பையே திறக்கவில்லை.

நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் கதை தலைகீழ். அநுரவின் கட்சியான திசைகாட்டி வன்னியில் முதலாவதாக வந்தது, ஆறு ஆசனத்தில் இரண்டு. 'வன்னியே மாறிவிட்டது' என்று மகன்ர பக்கம். 'வன்னி விலைபோய்விட்டது' என்று சுவிஸ் பக்கம். அண்ணா ஒரு கோபத்தில் வொய்ஸ் அனுப்பினார், "உங்கட சனத்துக்கு என்ன பிடிச்சது?" நான் திருப்பி அனுப்பினேன், "அண்ணா, அது கிட்டத்தட்ட 40 ஆயிரம் வோட்டு. ஐஞ்சில ஒரு ஆள்தான் போட்டது. மற்ற நாலு பேரும் பிரிஞ்சு பிரிஞ்சு போட்டவை. அவையள் உங்கட போனுக்கு வரேல்ல." அவர் ஒரு பெருவிரலை மட்டும் அனுப்பினார். அடுத்த மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி வடக்கில் பல சபைகளில் மேலே வந்தபோது, மாறிவிட்டது என்றவர்களும் விலைபோய்விட்டது என்றவர்களும் ஒரேமாதிரி அதிர்ந்துபோனார்கள்.

எண்ணிக்கையில் ஏமாறுவது பரவாயில்லை. காணியில் அப்படி இல்லை. 2025 மார்ச் 28 திகதியிட்ட அரசாங்க வர்த்தமானியில் வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகள் பற்றி அறிவித்தல் வந்தது, முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அதில் இருந்தன. கடைக்கு வருகிற ஐயா ஒருவர் போனை நீட்டினார். சிவப்பு வட்டம் போட்ட ஒரு படம், 'எல்லாம் போச்சு' என்று எழுத்து. "பிள்ளை, என்ர காணியும் போட்டுதாமே?" பக்கத்தில் நின்ற பெடியன்ர போனில், அதெல்லாம் தோற்ற கட்சிக்காரரின் பொய்ப் பிரசாரம் என்று இன்னொரு படம். வர்த்தமானி எங்கே இருக்கிறது? அரசாங்கத்தின் இணையத்தளத்தில், பக்கேஜுக்கு வெளியே. என் போனில் கொஞ்சம் சாதாரண டேற்றா கிடந்ததால் எடுத்துப் பார்த்தோம். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராத காணி அரச காணியாகும் என்று இருந்தது. அதாவது பொய்யும் இல்லை, போகவும் இல்லை, செய்யவேண்டிய வேலை ஒன்று இருந்தது. காணி உறுதியை எடுத்துக்கொண்டு விதானையாரிடம், அதுதான் கிராம அலுவலரிடம், போங்கோ என்று ஐயாவை அனுப்பினேன். பிறகு எதிர்ப்பு வலுத்து அரசாங்கமே அறிவித்தலை மீளப்பெற்றது. அந்தச் செய்திக்கு முதல் படத்துக்கு விழுந்த லைக்கில் கால்வாசி கூட விழவில்லை.

பக்கேஜை வைத்துக்கொண்டே கொஞ்சம் சமாளிக்க வழி உண்டு. பேஸ்புக்கில் மெனுவுக்குள் 'ஃபீட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதில் நீங்கள் சேர்த்த ஆட்களின் பதிவு நேர வரிசையில் வரும், பேஸ்புக் தானாகத் தெரிந்தெடுத்துத் திணிப்பது குறையும். யூரியூப்பில் பார்த்த வரலாற்றை அழித்து நிற்பாட்டினால் முதல் பக்கம் வெறுமையாகிவிடும், வேண்டியதைத் தேடித்தான் பார்க்கலாம். மகன்ர போனில் செய்தேன். பின்னேரத்துக்குள் பழையபடி மாற்றிவிட்டான், பார்க்க ஒன்றுமில்லையாம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் தாராளமாக வாங்கலாம். தேர்தல் மாதம் என்றால் கூடவே ஒரு சின்ன டேற்றா காட்டும் போடுங்கள், முடிவு இரவில் ரேடியோவை வையுங்கள். இன்னொன்று, மாதம் முடிய இது தானாகவே காசை வெட்டித் திரும்ப ஓடத் தொடங்கும். வேண்டாம் என்றால் முதல் நாளே நிற்பாட்டவேண்டும். எப்படியென்று தெரியாவிட்டால் கடைக்குப் போனைக் கொண்டுவாருங்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை.