பஃப் அடித்த போல்ட் ஆடிச் சாரலைத் தாங்குமா?

புது போல்ட் ஒன்றை பஃப் வீலில், அதாவது மெருகேற்றும் சக்கரத்தில் பிடித்து, முகம் தெரிகிற அளவுக்கு மின்ன வைக்க அரை மணி நேரம் போதும். அதே போல்ட் அடுத்த ஆடி மாதம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் யாரும் போட்டோ எடுத்துக் காட்டுவதில்லை. பல வருடமாக நான் பார்த்துக்கொண்டிருப்பது அந்த ஆடி மாதத்து போல்ட்டை.

வண்டி, வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த பழைய புல்லட் 350. கூடவே தோட்டத்துச் சாளையில் அப்புச்சி காலத்து ஆயில் இன்ஜின் ஒன்று நிற்கிறது. தண்ணீர் இறைக்கும் வேலை எப்போதோ மோட்டாருக்குப் போய்விட்டது. இப்போது அதன் சத்தம் கேட்கவேண்டும் என்பதற்காகவே எப்போதாவது ஓட்டுகிறேன். ஊர் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவே, தென்னந்தோப்புக்குள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஈரத்தோடுதான் வரும். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. காங்கயத்தில் மச்சான் வண்டிக்கும் இதே போல்ட், இதே பாலிஷ்தான். அவர் ஊரில் மழையே பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். மற்ற மாதங்களில் அவர் ஒன்றும் செய்யாமல் விட்டாலும் போல்ட் நன்றாகவே இருக்கிறது. கொங்கு நாட்டுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம். அதனால் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று யாராவது சொன்னால், அவர் வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கும் போல்ட் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருப்பது ஜிங்க் பிளேட்டிங்கால். அதன் கனம் சாதாரணமாக 5 முதல் 8 மைக்ரான். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குதான் வரும். அந்த மெல்லிய ஜிங்க் தான் முதலில் அரித்துக்கொண்டு உள்ளே இருக்கும் இரும்பைக் காப்பாற்றுகிறது. பஃப் வீலில் வைத்த சில நொடியில் அது போய்விடும். அப்புறம் நாம் பார்த்து ரசிப்பது வெறும் இரும்பை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் வெறும் இரும்புக்குத் துரு வேகமெடுக்கும். எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் அதெல்லாம் சர்வ சாதாரணம். பாலிஷ் போட்டதால் துரு வராது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். மழமழப்பான பரப்பில் தண்ணீர் தங்குவது கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் இழந்த ஜிங்குக்கு அது ஈடாகாது.

பாலிஷ் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் போல்ட்டை டீசலில் ஊறவைத்துக் கழுவி எண்ணெய்ப்பிசுக்கை எடுக்க வேண்டும். தலையில் அடித்திருக்கும் எழுத்து போனாலும் பரவாயில்லை என்றால் உப்புத்தாளில் 220, 400, 600, 1000 என்று ஏறிப் போகலாம். மரைப் பக்கம் இரண்டு நட்டை ஒன்றோடு ஒன்று இறுக்கி, அந்த நட்டை டிரில் மெஷின் சக்கில் மாட்டிச் சுற்றவிட்டால் தாள் வேலை சீக்கிரம் முடியும், மரையும் கெடாது. பிறகு சைசல் (நார்) வீலில் கருப்பு பஃப் சோப்பு, அதாவது வீலில் தடவும் பாலிஷ் கட்டி; தையல் போட்ட துணி வீலில் பச்சை சோப்பு. அலுமினியக் கவருக்கு வேறு வீல், வெள்ளை சோப்பு. ஒரே வீலில் இரண்டையும் அடித்தால் இரும்புத் துகள் அலுமினியத்தில் ஏறும். அலுமினியத் தூசி குவிந்த இடத்தில் இரும்பை கிரைண்டரில் தீட்டினால், பறக்கும் பொறியில் அது தீப்பிடிக்கவும் கூடும். நிமிடத்துக்கு 2,800 சுற்றில் ஓடும் வீல் சின்ன போல்ட்டைப் பிடுங்கி எறிந்தால் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துணிக் கையுறை மட்டும் வேண்டாம், வீல் அதை இழுத்துக்கொள்ளும்.

பலர் தவறவிடும் இடம் இதற்கு அடுத்தது. பஃப் சோப்பில் கொழுப்பு இருக்கிறது. பாலிஷ் முடிந்ததும் அது மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் மெழுகு போட்டாலும் லேக்கர் அடித்தாலும் பிடிக்காது. தின்னரில் சுத்தமாகத் துடைத்துவிட்டு, அதன் பின் வெறுங்கையால் தொடக்கூடாது. வியர்வையில் உப்பு இருக்கிறது. விரல் பட்ட இடத்தில் ரேகை அப்படியே துருவாக எழுந்து வரும்.

இனி எதைப் பூசினேன், எது நின்றது என்பது. இதற்கு ஆயில் இன்ஜினின் ஃப்ளைவீல்தான் எனக்குச் சோதனைச்சாலை. வார்ப்பிரும்பு, அகலமான விளிம்பு, கடைந்து விட்ட வெறும் பரப்பு. விளிம்பைச் சாக்பீஸால் பாகம் பிரித்து, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வொன்று பூசி, மழைக்காலம் தாண்டும்வரை விட்டுப் பார்ப்பேன்.

இன்ஜின் ஆயில் எல்லோரும் செய்வது. வாரக்கணக்கில் தாங்கும், பிறகு வழிந்து இறங்கிவிடும். தூசியை இழுத்துச் சேர்க்கும். ஓடும் ஃப்ளைவீலில் பூசினால் பாதி சட்டையில்தான் இருக்கும். பழைய வேஸ்ட் ஆயிலைக் கலப்பைக்குப் பூசுவார்கள்; கலப்பைக்குச் சரி. பாலிஷ் போட்ட பரப்புக்கு வேண்டாம். எரிந்த ஆயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும், கறை விடும், தோலுக்கும் நல்லதல்ல.

தேங்காய் எண்ணெய் பூசாமல் இருந்தால் எங்கள் ஊரில் மரியாதை இல்லை. கடலை எண்ணெய் போலப் பிசினாக இறுகாது என்பது இதன் நல்ல குணம். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் வெள்ளைத் திட்டாக நிற்கும். நாள்பட்டால் சிக்குவாடை அடிக்கும். பக்கத்தில் பித்தளை, செம்பு இருந்தால் பச்சை பிடிக்கும். எறும்பும் வந்தது. அந்தப் பாகத்தை மறுவருடம் தொடரவில்லை.

டபிள்யூ.டி.-40 பற்றி ஒரு வார்த்தை. 1953-இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கியது. பெயரிலேயே அந்த வேலையும், நாற்பதாவது முயற்சி என்பதும் இருக்கிறது. வண்டி கழுவிய பிறகு மரைக்குள் நிற்கும் தண்ணீரை வெளியேற்ற நான் இன்றும் அதைத்தான் எடுக்கிறேன். மாதக்கணக்கில் காவல் நிற்க வேண்டிய இடத்துக்கு அந்த மெல்லிய படலத்தை நம்பவில்லை.

கிளியர் லேக்கர் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் விட அழகு. ஆனால் ஸ்பேனர் பட்டு ஓர் ஓரம் உடைந்தால் போதும். அங்கிருந்து துரு லேக்கருக்கு அடியிலேயே புழு ஊர்ந்த தடம் போல நெளிந்து நெளிந்து போகும். மேலே துடைத்துப் பயனில்லை; முழுவதையும் உரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கழற்றி மாட்டும் நட்டுக்கு லேக்கர் அடிப்பதை நிறுத்திவிட்டேன். ஸ்பேனரே படாத இடத்துக்கு இன்னும் அடிக்கிறேன்.

லேத்துப் பட்டறைகளில் வைத்திருக்கும் ஆர்.பி. ஆயிலை (துரு தடுக்கும் எண்ணெய்) பூசினால், ஆவியாகும் பகுதி போன பிறகு ஒரு மெழுகுப் படலம் தங்கும். ஃப்ளைவீலில் மழைக்காலம் முழுக்க நின்றவற்றில் இது ஒன்று. பழுப்பு நிறமாகத் தெரியும் என்பதால் கண்காட்சிக்கு ஆகாது.

லானோலின், அதாவது கம்பளிக் கொழுப்பு. கட்டியாக வாங்கி நான்கு பங்கு டர்பன்டைனில் கரைத்துக்கொண்டேன். தீ பக்கத்தில் இருக்கக் கூடாது. மரைக்கும், வண்டியின் அடிப்பக்கத்துக்கும் இதைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை. லேசாக ஆட்டு வாடை வரும், அதுவும் சில நாளில் போய்விடும்.

கண்ணுக்குத் தெரியும் இடங்களுக்கு நான் வந்து நின்றது கார்னுபா மெழுகில்தான். காருக்குப் போடும் கட்டி மெழுகு. டப்பாவில் 'கிளீனர்' என்று இருந்தால் அதில் தேய்க்கும் பொடி சேர்ந்திருக்கும், அது வேண்டாம். பூசும் விதத்தில்தான் பலன். போல்ட்டை வெயிலிலோ ஹேர் டிரையரிலோ கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கி, மெழுகை மெல்லப் பூசி, ஆறியதும் துடைத்து, இன்னொரு தடவை பூச வேண்டும். பளபளப்பு மங்காது, தூசி ஒட்டாது, தண்ணீர் முத்தாக உருளும். சித்திரை கடைசியில் ஒரு முறை, ஆடி நடுவில் ஒரு முறை, ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு முறை என்று எனக்குப் பழகிவிட்டது.

மெழுகுக்கும் எல்லை உண்டு. கார்னுபா உருகுவது 82 முதல் 86 டிகிரிக்குள். அதனால் சைலன்சர் பெண்ட் பக்கமும் சிலிண்டர் ஹெட் பக்கமும் அது நிற்காது. சிலிண்டர் ஃபின்னுக்குச் சூடு தாங்கும் கருப்பு பெயின்ட்தான் கதி. வார்ப்பிரும்பை வெறுமையாக விட்டு மின்ன வைக்கும் ஆசை இருந்தால், தினமும் துடைக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் நான் வெறும் இரும்பாக விட்டிருப்பது மிகக் கொஞ்சம். பிரைமரி செயின் கவரைப் பிடித்திருக்கும் அந்த ஒற்றை நட், இன்ஜின் பிளேட் போல்ட் தலைகள், அவ்வளவுதான். துணி எட்டும் இடம் எதுவோ அது மட்டும். ஆலன் போல்ட்டின் குழிக்குள் தண்ணீர் நின்று துரு அங்கேதான் தொடங்கும் என்பதால், குழியில் கொஞ்சம் கிரீஸ் அடைத்துவிடுகிறேன்.

மற்றதெல்லாம் பிளேட்டிங்குக்குப் போனது. கோவை கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் என் பையைத் திறந்து பார்த்த பெரியவர், "ஏனுங்க தம்பி, இருந்த பிளேட்டிங்கைத் தேச்சு எடுத்துப்போட்டு, திரும்பப் பிளேட்டிங் போடக் கொண்டாந்தீங்களாக்கும்?" என்றார். சிரித்தாலும் வேலையை நன்றாகச் செய்து கொடுத்தார். பாலிஷ் போட்ட போல்ட்டுக்கு மேலே பிரைட் ஜிங்க் ஏறினால் நீலம் கலந்த வெள்ளையில் அழகாகவே இருக்கும். நிக்கல் இன்னும் பிரகாசம். ஆனால் நிக்கல் மூடி மட்டுமே. அதில் ஒரு நுண்துளை இருந்தால் போதும், அடியில் இரும்பு அரிக்கத் தொடங்கும். கூலியைக் கிலோ கணக்கில் வாங்குவார்கள் என்பதால் இரண்டு மூன்று வண்டிக்காரர்கள் சேர்ந்து கொடுப்பது லாபம். சின்ன போல்ட்டுகளைக் கட்டுக்கம்பியில் கோத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் எண்ணிக்கை குறைந்து திரும்பும். இரும்பைக் கருப்பாக்கும் பிளாக்கடைசிங் பற்றியும் கேட்பார்கள். அந்தக் கருப்பு தனியாகத் துருவைத் தடுக்காது. அதில் ஊறி நிற்கும் எண்ணெய்தான் தடுக்கிறது.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதம். 10.9, 12.9 என்று தலையில் அடித்த, வலிமை கூடிய ரக போல்ட்டை எந்த ஆசிட் தொட்டியிலும் விடமாட்டேன். பழைய பிளேட்டிங்கை எடுக்க ஆசிடில் போடும்போது ஹைட்ரஜன் இரும்புக்குள் நுழைகிறது. உடனே சுமார் 200 டிகிரியில் பல மணி நேரம் சுட்டெடுக்காவிட்டால், மாட்டி இறுக்கிய பிறகு ஒருநாள் சத்தமில்லாமல் உடையக்கூடும். கேட்டுப் பார்த்ததில் சில இடங்களில் அந்த அடுப்பே இல்லை. இன்ஜின் உள்ளே போகும் போல்ட்டுக்கு அழகு தேவையில்லை.

"எல்லாத்தையும் எஸ்.எஸ். ஆக்கிட்டா முடிஞ்சுதே" என்பார்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத்தான். கவர் ஸ்க்ரூவுக்குச் சரி. ஆனால் ஏ2-70 என்ற எஸ்.எஸ். ரகத்துக்கு இழுவலிமை 700 மெகாபாஸ்கல், 8.8 ரக இரும்பு போல்ட்டுக்கு 800. ஹெட்டிலும் பிரேக்கிலும் மாற்றிப் போடும் வேலை வேண்டாம். அலுமினியத்தில் எஸ்.எஸ். இறங்கினால் ஈரம் படும்போது அலுமினியம்தான் அரிக்கும். மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையைத் தடவாமல் இறக்கினால் கழற்றும்போது மரையோடு வரும். பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் மரையும் இருக்கும், அதில் மெட்ரிக் போல்ட்டை முடுக்கி ஏற்றுபவர்களை என்ன சொல்வது. எஸ்.எஸ். துருப்பிடிக்கிறது என்று புகார் சொல்பவர்கள் முதலில் தங்கள் கம்பி பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும். இரும்பைத் தேய்த்த பிரஷ்ஷால் எஸ்.எஸ்.ஸைத் தேய்த்தால், ஒட்டிய இரும்புத் துகள்தான் துருவாகத் தெரியும்.

பூச்சைவிட அதிகப் பலன் தந்தது சாளையைச் சுத்தம் செய்ததுதான். பொட்டாஷ் மூட்டை இருந்த மூலையில் நிறுத்திய எதுவும் நன்றாக இருந்ததில்லை. பொட்டாஷ் என்பது குளோரைடு உப்பு, அது காற்றின் ஈரத்தையும் இழுக்கும். கக்கூஸ் கழுவும் ஆசிட் பாட்டில் மூடி சரியில்லாமல் அலமாரியில் இருந்தால், அதன் புகை அறை முழுக்கத் துருவைக் கிளப்பிவிடும். இரண்டும் இப்போது வேறு கொட்டகையில். வண்டி மேல் பிளாஸ்டிக் தார்ப்பாய் போடுவதையும் விட்டாயிற்று. உள்ளே வேர்த்து நிற்கிறது. பழைய பருத்தி வேட்டி போதும்.

கழுவும் தண்ணீரும் முக்கியம். போர் தண்ணி சப்பைத் தண்ணியாக இருந்தால் காய்ந்த பிறகு வெள்ளைப் புள்ளி நிற்கும், அந்த உப்புக்கு அடியில் துரு காத்திருக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் நல்லதண்ணி ஒரு குடம் எடுத்துவைக்கிறேன், அல்லது மழைத்தண்ணி. அலுமினியக் கவரை வாஷிங் சோடா கலந்த சோப்பால் கழுவவிடாதீர்கள். காரம் பட்டால் மங்கிக் கறுக்கும். கழுவியதும் வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி, இன்ஜின் சூட்டிலேயே ஈரத்தைக் காயவிட வேண்டும்.

மாட்டாமல் வைத்திருக்கும் பாலிஷ் போட்ட சாமான்களுக்கு வி.சி.ஐ. காகிதம். அதிலிருந்து வரும் ஆவி இரும்பின் மேல் படிந்து காக்கும். மூடிய டப்பாவுக்குள் இருந்தால்தான் வேலை செய்யும். திறந்த தட்டில் விரித்து வைத்தால் வெறும் காகிதம். மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் சுருட்டி வைத்திருக்கிறேன், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு. அந்தப் பொட்டலத்தை அவ்வப்போது மாற்றினால் சரி.