இரண்டாவது வண்டி: எக்ஸ்பல்ஸா, ஹிமாலயனா?

வேலைக்குப் போக ஒரு வண்டி இருக்கிறது, பர்கூர் மலைப் பக்கம் கல்லும் மண்ணுமான பாதையில் ஏற்றப் பழைய வண்டி ஒன்று தேடுகிறீர்கள் என்றால், ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 பைக்தான் என் பதில். ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411 மோசமில்லைங்க. 32 நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை), மெதுவாகப் போகும்போதே ஏற்றத்தை இழுத்துவிடும், கோவையிலிருந்து அந்தியூர் வரைக்கும் அலுப்பே தெரியாது. ஆனால் பிஎஸ்6 (புகை அளவு விதி) மாடல் எடை 199 கிலோ. ஓடை மணலில் சாய்ந்த வண்டியைத் தனியாளாக மூன்றாவது முறை தூக்கும்போது கை நடுங்கிவிடும். எக்ஸ்பல்ஸ் சுமார் 40 கிலோ குறைவு, கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி) இரண்டுக்கும் அதே 220 மில்லிமீட்டர்.

அப்புறம், எதை வாங்கினாலும் முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்க. நடுவில் டக்கென்று சிக்கினால் கோன்செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்) தேய்ந்திருக்கிறது. ஃபோர்க்கில் (முன்பக்க சஸ்பென்ஷன்) ஆயில் கசிவு, தளர்ந்த ஸ்போக்ஸ், அதையும் பாருங்க.