கிரீன் ஸ்லாங் அகராதித் தளம்: பிரிட்டிஷ் கொச்சையில் தடுமாறும் அமெரிக்கர்களுக்கு

'பிஸ்ட்' என்று கேட்டால் அமெரிக்கர் கோபம் என்று எடுத்துக்கொள்வார். லண்டன்காரர் சொன்னது குடிபோதையை. இப்படி இடறும் சொற்களைத் தேட இன்று இருப்பதில் சிறந்த இடம் பிரிட்டிஷ் அகராதி ஆசிரியர் ஜொனாதன் கிரீனின் ஸ்லாங் (கொச்சை) அகராதித் தளம்தான். 2010இல் மூன்று கனத்த தொகுதிகளாக அச்சில் வந்து, 2016இல் இணையத்துக்கு வந்தது. இப்போது காசு எதுவும் கட்டாமலே முழுவதையும் பார்க்கலாம்.

இதன் பலம் மேற்கோள்கள். ஒவ்வொரு பொருளின் கீழும் அச்சில் வந்த வரிகள் ஆண்டு வரிசையில் நிற்கும். சொல்லைத் தட்டியதும் பெயர்ச்சொல்லா வினையா என்று பாருங்கள். பொருளுக்கு முன் இருக்கும் நாட்டுக் குறிப்பைப் படித்துவிட்டு, கடைசி மேற்கோளின் ஆண்டுக்குப் போங்கள். பலர் தவறுவது இந்தக் கடைசிப் படியில்தான். நானூறு, ஐந்நூறு ஆண்டுச் சரக்கு இது. வழக்கொழிந்த சொல்லும் நேற்றைய சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். கடைசி மேற்கோள் 1920களோடு நின்றிருந்தால் அந்தச் சொல்லைப் படித்துப் புரிந்துகொள்ளலாம், வாயில் எடுக்கக் கூடாது. 'டேக்கிங் த பிஸ்' (கிண்டலடிப்பது) போன்ற தொடர்கள் மூலச்சொல்லின் அடியில் இருக்கும், கீழே வரை உருட்ட வேண்டும்.

ஒரு சொல்லுக்குப் பதிலாக அதனோடு இயையும் தொடரைச் சொல்லும் இயைபுக் கொச்சைக்கு இதைவிட நல்ல துணை இல்லை. 'ஹாவ் எ பட்சர்ஸ்' என்றால் 'ஒரு பார்வை பார்'. 'பட்சர்ஸ் ஹுக்', 'லுக்'குடன் இயையும். இயையும் 'ஹுக்' பேச்சில் உதிர்ந்துவிட்டது. பொய்யைக் குறிக்கும் 'போர்க்கீஸ்' பிறந்ததும் இதே வழியில்: 'போர்க் பைஸ்', 'லைஸ்'. புத்தி பேதலித்தவரைச் சொல்லும் 'டூலாலி' இயைபில் பிறந்ததல்ல, அதன் ஊர் நம் பக்கத்தில் இருக்கிறது: நாசிக் அருகே உள்ள தேவ்லாலி ராணுவ முகாம்.

பணச் சொற்களைத் தனியாகப் படித்துவைப்பது நல்லது. 'போனி' 25 பவுண்டு, 'மங்கி' 500, 'கிராண்ட்' 1000. 'க்விட்' ஒரு பவுண்டு. ஐம்பது பவுண்டானாலும் 'க்விட்'தான். 'க்விட்ஸ்' என்றால் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும்.

பொருளைச் சொல்லும் இந்த அகராதியை மட்டும் வைத்து, ஒரு சொல் இன்று எவ்வளவு சுடும் என்று அளக்க முடியாது. அமெரிக்காவில் 'ஃபேனி' பின்புறம். பிரிட்டனில் பெண்ணுறுப்புக்கான கொச்சை. இடுப்பில் கட்டும் பையை 'ஃபேனி பேக்' (fanny pack) என்று கடையில் கேட்காதீர்கள், 'பம் பேக்' (bum bag) என்று கேளுங்கள். இந்தக் குறையை ஈடுகட்ட, பிரிட்டனின் ஒலிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் 2016இல் வெளியிட்ட வசைச்சொல் ஆய்வைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'பிளடி' அதில் லேசான வகை, 'பாலக்ஸ்' நடுத்தரம்.

இன்னொரு குறை அகராதியின் தவறே அல்ல. மிக மோசமான குழப்பங்கள் கொச்சை அல்லாத சொற்களில் நடக்கின்றன. 'க்வைட் குட்' என்று பிரிட்டிஷ் மேலாளர் எழுதினால், பெரும்பாலும் 'பரவாயில்லை' என்ற அளவில்தான். அமெரிக்கர் அதை நல்ல பாராட்டாக எடுத்துக்கொள்வார். கூட்டத்தில் 'டேபிள்' செய்வோம் என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிவைப்பது. இவற்றுக்குக் கேம்பிரிட்ஜ் அகராதியின் இலவசத் தளத்துக்குப் போங்கள். இரு நாட்டுக் குறிப்பும் இரு நாட்டு ஒலிப்பும் அங்கே உண்டு.