பெடல் ஸ்டீலுக்கு எந்த ஆம்ப்: ட்வினா, டீலக்ஸா, டியூபே வேண்டாமா?

பெடல் ஸ்டீல் என்பது படுக்கவைத்து, கம்பிகள்மேல் உலோகப் பாரை நகர்த்தி, பெடலால் சுருதி மாற்றி வாசிக்கும் கிட்டார். அதற்கு ஆம்ப் (ஒலிபெருக்கி) தேடும்போது சாதாரண கிட்டார் வாசிக்கும் நண்பர்களிடம் யோசனை கேட்காதீர்கள். டியூப் ஆம்பை, அதாவது வெற்றிடக் குழாய்களில் ஓடும் ஆம்பை, முறுக்கினால் கரகரக்க வேண்டும், அவர்கள் காசு கொடுப்பதே அந்தக் கரகரப்புக்குத்தான். நமக்கோ அது எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. ராபர்ட் ராண்டால்ஃப் மாதிரி, அமெரிக்கத் தேவாலயங்களில் வளர்ந்த சேக்ரட் ஸ்டீல் பாணியில் அலறவிட நினைப்பவர்கள் கணக்கு வேறு. ஈ9 சுருதியில் (ஸ்டீலின் வழக்கமான இரண்டு சுருதி அமைப்புகளில் ஒன்று, இன்னொன்று சி6) கண்ட்ரியோ பழைய சினிமாப் பாட்டோ வாசிப்பவருக்கு ஆம்ப் கடைசி வரை சுத்தமாகப் பேச வேண்டும்.

இது வெறும் ரசனை இல்லை. பாரை எடுத்துவிட்டு நான்காம், ஐந்தாம் கம்பிகளைச் சேர்த்து மீட்டுங்கள். நான்காவது ஈ, சுமார் 330 ஹெர்ட்ஸ். ஐந்தாவது பி, சுமார் 247. இப்போது ஏ பெடலை மெல்ல மிதித்தால் பி மட்டும் ஏறி சி ஷார்ப்பில், அதாவது 277இல் போய் நிற்கும். ஈ அசையாது. இந்தக் கருவியின் அழகே அந்த நகர்வுதான். ஆனால் கரகரத்து உடையத் தொடங்கிய ஆம்பில் இரண்டு ஸ்வரங்களின் வித்தியாசம் தனியாக ஓர் ஒலியாகப் பிறக்கும். முதலில் அது 83 ஹெர்ட்ஸ், ஈயின் கீழ் ஸ்தாயி, உறுத்தாது. பெடல் இறங்க இறங்க அது 52க்குச் சரியும். மேலே ஸ்வரம் ஏறிக்கொண்டிருக்க, யாரும் வாசிக்காத ஒன்று அடியில் எதிர்த்திசையில் இறங்கும். மூன்று கம்பிகளைச் சேர்த்து மீட்டினால் இப்படி மூன்று. கோட்டுவாத்தியத்தில் கமகம் கேட்டுப் பழகிய காது இதை இரண்டு நிமிடம்கூடப் பொறுக்காது.

அடுத்தது வால்யூம் பெடல். நாம் அதைப் பாதி திறந்த நிலையில் வைத்து வாசித்து, நாதம் அடங்க அடங்க மிதித்து நீட்டுகிறோம். அதற்கான இருப்பு ஆம்பில் எப்போதும் இருக்க வேண்டும். 10 டெசிபல் கூடுதலாக வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் தேவை. கால் அழுத்தியிருக்கும்போதே விரல் அடுத்த ஸ்வரத்தைப் பலமாகத் தட்டிவிட்டால், 2 வாட்டில் ஓடிக்கொண்டிருந்த ஆம்ப் அந்த நொடியில் 20 வாட் கொடுத்தாக வேண்டும். ஸ்டீலின் பிக்கப்புகள் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் சுருள்கள்) வேறு சாதாரண கிட்டாரைவிடக் கனமாகச் சுற்றப்பட்டவை, ஆம்பின் முதல் டியூபையே திணறடிக்கும். ஆக, நாம் வாட் பார்ப்பது சத்தத்துக்காக இல்லை, உடையாமல் இருப்பதற்காக.

முதல் போட்டியாளர் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப். நான்கு 6எல்6 டியூப், 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். 1963இல் வந்த அமைப்பு, '65 என்ற பெயரில் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் ட்வினா, புளோக்கே எழுந்து வந்துவிடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். அது கிட்டார்காரர்களின் பயம். மெல்ல வைத்தால் ட்வின் கரகரக்காது என்பதுதான் அவர்களின் குறை, நமக்கோ அதுதான் வேண்டும். வால்யூமை 2இல் வைத்துவிட்டுக் காலால் ஆள்வதென்றால் வரவேற்பறையிலும் ட்வின் அடக்கமாகவே இருக்கும். அதற்காக இரவு பத்தரைக்கு மேல் வாசிக்கலாம் என்று சொல்லவில்லை, பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு எந்த ஆம்பும் ஒன்றுதான். நடு அலைவரிசைக்குத் தனித் திருகும், பிரைட்டை (உச்ச ஒலிகளைத் தூக்கிக் காட்டும் வசதி) அணைக்கத் தனி ஸ்விட்சும் ட்வினில் உண்டு. 800 ஹெர்ட்ஸ் பக்கம் ஸ்டீல் மூக்கால் பேசும். அதைக் குறைக்கவும் மேல் கம்பிகளின் கூர்மையை மட்டுப்படுத்தவும் இந்த இரண்டும் தேவைப்படும்.

ட்வினின் உண்மையான குறை எடை. 29 கிலோ. இரட்டைக் கழுத்து ஸ்டீல் என்றால் பெட்டியோடு அதுவும் 30 கிலோ பக்கம் வரும். இரண்டையும் எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோக முடியாது, பெரிய வண்டியாகத்தான் கூப்பிட வேண்டும். தீபாவளி நிகழ்ச்சிக்குச் சமூக மன்றத்தில் வாசிக்கப் போனால் லிஃப்ட் நிற்காத தளத்தில் மேடை இருக்கும், "அண்ணே, இதை யார் தூக்குறது?" என்ற கேள்வியும் கட்டாயம் வரும். பவர் டியூப் மாற்றும்போதும் செலவு இரட்டிப்பு. ஒரே குணமுள்ள நான்காகத் தேர்ந்து வாங்கி, பயாஸ் (டியூபில் ஓடும் மின்னோட்ட அளவு) சரிசெய்ய வேண்டும். பழகாதவர்கள் பின்பக்கத்தைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், ஆளையே கொல்லும்.

பழைய ட்வின் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. 1970களின் பிற்பகுதியில் வந்த 135 வாட் ட்வின்களைக் கிட்டார்காரர்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள், அளவுக்கு மீறிச் சுத்தம் என்று. 1960களின் கறுப்பு முகப்பு ட்வின்களுக்குக் கேட்கும் விலை அவற்றுக்கு வராது. ஸ்டீலுக்கு அதைவிடப் பொருத்தமான ஃபெண்டர் குறைவு. இடுப்பு தாங்குமா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது டீலக்ஸ் ரிவெர்ப். இரண்டு 6வி6, 22 வாட், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், 19 கிலோ. 85க்கு முன்னால் 22 அற்பமாகத் தெரியும், காதுக்கு வித்தியாசம் 6 டெசிபல்கூட இல்லை. அதில் பாதியை ஸ்பீக்கரிலேயே மீட்கலாம். ஒரு வாட்டுக்கு 3 டெசிபல் கூடுதலாகக் கொடுக்கும் ஸ்பீக்கர் போட்டால் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். டீலக்ஸ் வாங்குபவர் முதல் செலவாக இதைச் செய்யலாம், டியூப் மாற்றிப் பார்ப்பதெல்லாம் பிறகு.

ஆனால் நடு அலைவரிசைத் திருகு கிடையாது. ரிவெர்ப் (எதிரொலி) உள்ள சானலில் பிரைட் கெபாசிட்டர் நிரந்தரமாக இருப்பதால், வால்யூம் குறைவாக இருக்கும்போது மூன்றாம் கம்பி காதைக் கீறும். இன்னொரு சானலுக்கு மாறினால் கீறல் போகும், ரிவெர்ப்பும் போய்விடும். கையால் வயரிங் செய்த '64 கஸ்டம் இந்தத் தொல்லையைத் தீர்த்திருக்கிறது, விலைதான் எங்கேயோ நிற்கும். சி6 வாசிப்பவர்களுக்கு டீலக்ஸ் எந்த வகையிலும் ஒத்துவராது. அங்கே பத்தாம் கம்பி 65 ஹெர்ட்ஸ். சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் பின்பக்கம் திறந்த சின்னப் பெட்டியும் அதைத் தாங்காமல் தொளதொளக்கும். அந்தக் காலத்து ஸ்டீல்காரர்கள் 15 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கரைத் தேடி ஓடியது சும்மா இல்லை.

பிரின்ஸ்டன் ரிவெர்ப் பற்றிக் கேட்பார்கள். 10 அங்குல ஸ்பீக்கர், 12 வாட். படுக்கையறையில் ரெக்கார்டிங்குக்கு இனிமை. டிரம்ஸ் வந்தால் முடிந்தது.

மூன்றாவது கூட்டம் டியூப் பக்தர்களுக்குப் பிடிக்காது. ஃபெண்டரே 2019இல் விட்ட டோன் மாஸ்டர் ட்வினில் ஒரு டியூப்கூட இல்லை, எல்லாம் டிஜிட்டல். எடை 15 கிலோ. பின்பக்க ஸ்விட்சில் 1 வாட் வரை இறக்கலாம், ஆனால் மேலே சொன்ன காரணத்தால் ஸ்டீல்காரர் அதை அதிகம் தொடமாட்டார். இன்னொரு பக்கம் சான் பிரான்சிஸ்கோவின் மில்க்மேன் ஆம்ப் நிறுவனம். தொடங்கியவரே பெடல் ஸ்டீல் வாசிப்பவர். அவர்களுடைய 'தி ஆம்ப்' முன்பகுதியில் 12ஏஎக்ஸ்7 டியூப் வைத்து, 100 வாட் பவரை டிரான்சிஸ்டரிடம் விட்டிருக்கிறது. தோள்பையில் போட்டுக்கொண்டு போகலாம், ஸ்பீக்கர் பெட்டி மட்டும் தனி. டியூப் இல்லாவிட்டால் ஸ்டீலே இல்லை என்பவர்களுக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும். நாஷ்வில் மேடைகளில் பல வருடம் ஸ்டீலின் பின்னால் நின்றது பீவியின் செஷன் 400, நாஷ்வில் 400 போன்ற டிரான்சிஸ்டர் ஆம்புகள்தான்.

என் தேர்வைக் கேட்டால், வழக்கத்துக்கு மாறாகத்தான் சொல்வேன். வீட்டைவிட்டு நகராத ஆம்ப் என்றால் ட்வின். வாரம் தவறாமல் வெளியே வாசிப்பவருக்கு மில்க்மேன் மாதிரி கலப்பு, அல்லது டோன் மாஸ்டர். எல்லோரும் எடுத்த எடுப்பில் சொல்லும் டீலக்ஸை, ஈ9 மட்டும் வாசித்து மேடையில் ஆம்புக்கு மைக் வைக்கச் சம்மதிப்பவருக்குத்தான் சொல்வேன்.

வாங்கும் இடத்தில் ஒரு கண்ணி உண்டு. பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கக் கடைகளில் புதிதாக வாங்கினால் 230 வோல்ட் மாடல் வரும், கவலை இல்லை. கேரசல் இணையச் சந்தையில் வரும் பழைய ட்வின்களில் சில அமெரிக்காவிலிருந்து தூக்கி வந்தவை, 120 வோல்ட். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும் என்பார் விற்பவர். அது வோல்ட்டேஜை இறக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. 60க்கு மட்டும் செய்த டிரான்ஸ்ஃபார்மர் இங்கே கூடுதலாகச் சூடேறும், நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். வெளிநாட்டிலிருந்து தருவித்தால், 400 வெள்ளியைத் தாண்டிய பொருளுக்குக் கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் சேர்த்து 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 2,500 வெள்ளி ஆம்ப் இங்கே வந்து இறங்க 300 வெள்ளி கூலி என்றால் வரி மட்டும் 252. அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஸ்பீக்கரே வந்துவிடும். பழையது வாங்கும்போது பின்பக்கத் தகட்டின் படத்தை முதலில் கேளுங்கள். 50 ஹெர்ட்ஸ் என்று அதில் இல்லாவிட்டால், டிரான்ஸ்ஃபார்மர் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். விற்பவர் படம் அனுப்பத் தயங்கினால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள்.